24 மணி நேரத்தில் ஓடும் ஆப்: மாணவர் ஹேக்கத்தானுக்கு ஒரு கையேடு

ஹேக்கத்தானில் (குறித்த மணி நேரத்துக்குள் ஓடும் ஆப்பை உருவாக்கிக் காட்டும் போட்டி) கோட்டைவிடும் குழுக்கள் பலவற்றுக்கு யோசனையும் நன்றாகத்தான் இருக்கும், கோடும் (நிரல்) நன்றாகத்தான் இருக்கும். நடுவர் மேசைக்கு வந்து நிற்கும்போது ஆப் திறக்காது, அல்லது திறந்து வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்துத் திரை போட்டு ஆறு பாதி வேலை செய்யும் ஆப்பைவிட, மூன்றே திரையில் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து காட்டும் ஆப் எப்போதும் மேலே நிற்கும். கீழே சொல்லியிருப்பது எல்லாமே அந்த ஒரு வேலையைக் காப்பாற்றுவதற்கான வழிகள்தான்.

பொறியியல் கல்லூரிகளில் நடக்கும் மொபைல் ஆப் ஹேக்கத்தான்கள் பெரும்பாலும் 24 மணி நேரம். 2017-ல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானின் மென்பொருள் பிரிவில் இறுதிச் சுற்று 36 மணி நேரம். அங்கே குழுவுக்கு 6 பேர், அதில் குறைந்தது ஒரு மாணவி இருக்க வேண்டும். கல்லூரிக்குள் நடக்கும் உள்சுற்றில் தேர்வாகி, கல்லூரி ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான் பெயர் மேலே போகும். இங்கே 24 மணி நேரக் கணக்கில் சொல்கிறோம். 36 மணி நேரம் கிடைத்தால் அந்தக் கூடுதல் 12 மணியைப் புது அம்சங்களுக்குக் கொடுக்காதீர்கள். தூக்கத்துக்கும் சோதனைக்கும் கொடுங்கள்.

ஒரு வாரம் முன்பே முடிய வேண்டியவை

எந்தக் கருவியில் எழுதுவது என்பதை அரங்கத்தில் உட்கார்ந்து விவாதிக்கக் கூடாது. குழுவில் இரண்டு பேருக்காவது கை பழகிய கருவிதான் சரியான கருவி. இருவருக்கும் கோட்லின் மொழி தெரிந்தால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ. வெப் பக்கம் ரியாக்ட் எழுதியவர்கள் என்றால் ரியாக்ட் நேட்டிவ், அதை எளிதாக ஓட்ட எக்ஸ்போ. புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு ஃபிளட்டர் வசதி, திரைகள் வேகமாக வந்துவிடும். ஐபோனுக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால், எக்ஸ்போ தவிர மற்றவற்றுக்கு மேக் கணினியும் அதில் ஓடும் எக்ஸ்கோடு மென்பொருளும் வேண்டும். போட்டி விதி கேட்காத வரை ஆண்ட்ராய்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லா லேப்டாப்பிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும்: ஃபிளட்டர் பதிப்பு, ஜாவா பதிப்பு, ஆண்ட்ராய்டு எஸ்டிகே (ஆப் உருவாக்கும் கருவித்தொகுப்பு) பதிப்பு மூன்றும். ஒருவரிடம் புதியதும் இன்னொருவரிடம் பழையதும் இருந்தால், ராத்திரி ஒரு மணிக்கு கோடை இணைக்கும்போது கிரேடில் (கோடை ஆப்பாகக் கட்டும் கருவி) பிழை வரும். அதைத் தேடுவதிலேயே இரண்டு மணி நேரம் கரையும். போட்டிக்கு முந்தைய இரவு "அப்டேட் இருக்கிறது" என்று ஸ்டுடியோ கேட்டால் ஓகே கொடுக்காதீர்கள்.

அடுத்தது முதல் பில்டு, அதாவது கோடை ஓடும் ஆப்பாக மாற்றுவது. ஒரு புது ப்ராஜெக்ட்டை முதன்முறை பில்டு செய்யும்போது கிரேடிலும் நூலகங்களும் (பிறர் எழுதி வைத்த ஆயத்தக் கோடு) நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். நூறு பேர் ஒரே வைஃபையில் உட்கார்ந்து அதைச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலோ விடுதியிலோ ஒரு சோதனை ப்ராஜெக்ட் உருவாக்கி, நீங்கள் பயன்படுத்தப்போகும் நூலகங்கள் அத்தனையையும் சேர்த்து (கேமரா, இருப்பிடம், ஃபயர்பேஸ், பார்கோடு எதுவானாலும்) ஒரு முறை முழுதாக பில்டு செய்துவிடுங்கள். இறங்கியவை லேப்டாப்பிலேயே தங்கும். அதன்பின் இணையத்தைத் துண்டித்துவிட்டு இன்னொரு முறை பில்டு செய்து பாருங்கள். ஓடினால் அந்த லேப்டாப் தயார். போட்டிக்கு முன் எழுதிய கோடைக் கொண்டுவரக் கூடாது என்று பல இடங்களில் விதி உண்டு. சோதனை ப்ராஜெக்ட்டை அங்கே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாலும் இறங்கிய நூலகங்கள் அப்படியே கை கொடுக்கும்.

விண்டோஸ் லேப்டாப் என்றால் ப்ராஜெக்ட் ஃபோல்டரின் பெயரிலும் பாதையிலும் இடைவெளி வேண்டாம், ஒன்டிரைவுக்குள்ளும் வைக்க வேண்டாம். ஃபிளட்டர் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: நூலகங்கள் சி டிரைவிலும் ப்ராஜெக்ட் டி டிரைவிலும் இருந்தால் கோட்லின் கம்பைலர் சில நேரம் "வெவ்வேறு ரூட்" என்று பிழை காட்டும். ப்ராஜெக்ட்டையும் சி டிரைவுக்கே மாற்றினால் சரியாகிவிடும்.

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் ஸ்டுடியோ, குரோம், எமுலேட்டர் (லேப்டாப்பிலேயே ஓடும் போலி போன்) மூன்றையும் ஒன்றாக ஓட்ட முயல வேண்டாம், மூச்சுத் திணறும். நிஜ போனில் ஓட்டுங்கள். அதற்கு போன் அமைப்பில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் வசதியைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும். ரெட்மி போன்களில் இது மட்டும் போதாது. "யுஎஸ்பி வழியாக இன்ஸ்டால்" என்ற தனி அனுமதி உண்டு. அதை இயக்க சிம் கார்டும் ஷாவ்மி கணக்கு லாகினும் கேட்கும். இதை அரங்கத்தில் கண்டுபிடிப்பது நேர விரயம். முந்தின நாளே ஒவ்வொரு போனிலும் ஒரு வெற்று ஆப்பை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

கேபிளையும் சோதியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா கடத்தாத கேபிள்கள் நிறைய புழங்குகின்றன. லேப்டாப்பில் போன் தெரியவில்லை என்றால் டிரைவரைத் தேடுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். பையில் டேட்டா கேபிள் இரண்டு, ஆறு சாக்கெட் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று, பவர் பேங்க் ஒன்று, ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்று, உங்கள் லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ துளை இல்லையென்றால் அதற்கான அடாப்டர், ஏ4 தாள், ஸ்கெட்ச் பேனா. வெவ்வேறு நிறுவனங்களின் சிம் உள்ள இரண்டு போன்களில் டேட்டா பேக் இருக்கட்டும். கேட்டால் கொடுப்பார்கள் என்று அமைப்பாளர்களை நம்பி எக்ஸ்டென்ஷன் போர்டு எடுக்காமல் போகாதீர்கள்.

கணக்குகளில் ஒளிந்திருக்கும் கண்ணிகள்

கூகுளின் ஆயத்த சர்வர் சேவையான ஃபயர்பேஸின் இலவசத் திட்டம் ஸ்பார்க். அதில் ஃபயர்ஸ்டோர் என்ற டேட்டாபேஸுக்கு ஒரு நாளைக்கு 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து வரை இலவசம். போட்டிக்கு இது தாராளம். ஆனால் திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் மொத்தப் பட்டியலையும் திரும்ப இழுக்கும்படி எழுதிவிட்டால், ராத்திரிக்குள் 50,000 காலியாகும். 500 பதிவுள்ள பட்டியலை நூறு முறை இழுத்தால் அதுவே 50,000. பட்டியலுக்கு 20 அல்லது 30 என்று வரம்பு போடுங்கள்.

"டெஸ்ட் மோட்" விதியோடு (யாரும் வாசிக்கலாம், எழுதலாம்) டேட்டாபேஸ் திறந்தால் அது 30 நாளில் காலாவதியாகும். ஒரு மாதத்துக்கு முன் பயிற்சிக்காகத் திறந்த ப்ராஜெக்ட்டையே போட்டிக்கும் எடுத்து வந்தால், சரியாக அன்றைக்கு "அனுமதி இல்லை" என்று எல்லா வாசிப்பும் மறுக்கப்படலாம். புது ப்ராஜெக்ட் திறந்துகொள்ளுங்கள்.

கூகுள் சைன்-இன் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் லேப்டாப்பில் லாகின் வேலை செய்யும். இன்னொருவர் லேப்டாப்பில் பில்டு செய்த அதே ஆப்பில் பிழை எண் 10 வரும். ஆப்பை எங்கே பில்டு செய்தது என்று காட்டும் டீபக் கையொப்பச் சாவி ஒவ்வொரு லேப்டாப்பிலும் வேறு வேறு. அதன் எஸ்ஹெச்ஏ-1 கைரேகை (சாவியின் அடையாளக் குறியீடு) ஃபயர்பேஸில் பதியப்பட்டிருந்தால்தான் கூகுள் ஏற்கும். எல்லா லேப்டாப்பின் கைரேகையையும் பதிவது ஒரு வழி. அந்தச் சாவி இருக்கும் டீபக் கீஸ்டோர் ஃபைலை ஒருவரிடமிருந்து எல்லோரும் நகலெடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்ல வழி. இரண்டாவது வழியில் இன்னொரு லாபம் உண்டு: சாவி வேறாக இருந்தால் ஒருவர் ஏற்றிய ஆப்பின் மேல் இன்னொருவர் பில்டு ஏறாது, பழையதை அழித்தால்தான் ஏறும், அழித்தால் போனில் இருந்த டெமோ தரவும் போய்விடும். சாவி ஒன்றாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சொந்தமாக சர்வர் எழுதி ரெண்டர் தளத்தில் இலவசமாக ஏற்றுகிறீர்களா? 15 நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது உறங்கிவிடும். அடுத்த அழைப்புக்கு எழ ஒரு நிமிடம் வரை ஆகலாம். நடுவர் முன்னால் அந்த ஒரு நிமிடம் மிக நீளமானது. டெமோவுக்கு ஐந்து நிமிடம் முன்பே பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்து எழுப்பிவிடுங்கள். ஃபயர்பேஸ் போன்ற சேவையான சுபாபேஸில் இலவச ப்ராஜெக்ட் ஒரு வாரம் சும்மா கிடந்தால் நிறுத்தி வைக்கப்படும். அதையும் முந்தின நாள் திறந்து பாருங்கள்.

எதைச் செய்வது

தலைப்பு அரங்கத்தில்தான் கிடைக்கும் என்றாலும் பொதுவான துறைகள் முன்பே தெரிந்திருக்கும்: விவசாயம், கல்வி, சுகாதாரம், போக்குவரத்து. "விவசாயிகளுக்கான முழுமையான தளம்" என்று எழுதிய குழு எதையும் முடிக்காது. யார், எங்கே நின்றுகொண்டு, கையில் என்ன வைத்துக்கொண்டு, எந்த நிமிடத்தில் இந்த ஆப்பைத் திறப்பார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாக எடுத்துக்கொள்வோம். கிராமத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம். காலையும் மாலையும் உறுப்பினர்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். சங்க ஊழியர் அளந்து, கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) பார்த்து எழுதுவார், அதன்படிதான் விலை. இதில் ஒரு வாக்கியம்: "வரிசை நகரும் வேகத்திலேயே ஊழியர் ஒரு கையால் பதிவு செய்கிறார், உறுப்பினருக்கு அன்றைய தொகை உடனே தெரிகிறது." அவ்வளவுதான் ஆப். உறுப்பினர் எண், அளவு, ரசீது என்று மூன்று திரை.

இந்த வாக்கியமே வடிவமைப்பையும் சொல்லிவிடுகிறது. கை ஈரமாக இருக்கும், எனவே பெரிய எண் பலகை. பெயர் தேட நேரமில்லை, எனவே உறுப்பினர் எண் தட்டினால் பெயர் வர வேண்டும். சிக்னல் இருக்காது, எனவே இணையம் இல்லாமலும் பதிவாக வேண்டும். வரைபடம், சாட்பாட், வானிலை எதுவும் வேண்டாம்.

ஏற்கெனவே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பல சங்கங்களில் எடை, கொழுப்பு இரண்டையும் தானே பதியும் தானியங்கிக் கருவி வந்துவிட்டது. நடுவர் நிச்சயம் அதைக் கேட்பார். "அந்தக் கருவி இல்லாத சிறிய சங்கத்துக்கு, இருக்கிற போனிலேயே" என்ற பதிலை முதல் மணி நேரத்திலேயே தயார் செய்யாவிட்டால் கடைசியில் திணறுவீர்கள். பக்கத்தில் இந்த வேலை செய்கிறவர் யாராவது இருந்தால் பத்து நிமிடம் போனில் பேசுங்கள். இணையத்தில் ஒரு மணி நேரம் தேடுவதைவிட அது மேல்.

முதல் மூன்று மணி நேரம்

போட்டி காலை 10 மணிக்குத் தொடங்கினால் 11.30 வரை யாரும் லேப்டாப்பில் கோடு எழுத வேண்டாம். தாளில் மூன்று திரையையும் வரையுங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் எங்கே போகும் என்று அம்புக்குறி போடுங்கள். பிறகு தரவின் வடிவத்தை எழுதுங்கள்: ஒரு பதிவில் என்னென்ன புலங்கள், அவற்றின் பெயர் என்ன, எண்ணா எழுத்தா. பெயரின் எழுத்துக்கூட்டல் உட்பட முடிவாக வேண்டும். ஒருவர் "மெம்பர்நம்பர்" என்றும் இன்னொருவர் "மெம்பர்ஐடி" என்றும் எழுதிவிட்டால், இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சரியாக ஓடும், இணைத்தால் வெறுமை காட்டும். இந்தத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். மாற்ற வேண்டுமானால் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

பால் ஆப்பில் தொகையை ரூபாயில் தசமமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். தசமக் கூட்டலில் கடைசி இலக்கம் தப்பும். பணக் கணக்கில் அது நடுவர் கண்ணில் உடனே படும். பதிவின் அடையாள எண்ணை ஆப் தானாக உருவாக்கும்படி விடாமல், உறுப்பினர் எண், தேதி, காலை அல்லது மாலை இவற்றைச் சேர்த்து உருவாக்கினால், இணையம் போய் வந்து ஒரே பதிவு இரண்டு முறை அனுப்பப்பட்டாலும் ஒன்றாகவே நிற்கும். ஒரே ஆள் ஒரே வேளையில் பசும்பாலும் எருமைப்பாலும் தனித்தனியாக ஊற்றுவாரே? அப்படியானால் பால் வகையையும் அடையாளத்தில் சேர்க்க வேண்டும். இப்படியான கேள்விகள் தாளில் இருக்கும்போது ஒரு நிமிட வேலை. கோடாக மாறிய பிறகு ஒரு மணி நேர வேலை.

1 மணிக்குள், அதாவது மூன்றாம் மணி நேர முடிவில், அழகே இல்லாத ஓர் எலும்புக்கூடு ஓட வேண்டும்: ஒரு பொத்தான், அழுத்தினால் ஒரு பதிவு டேட்டாபேஸுக்குப் போக வேண்டும், திரும்ப வந்து திரையில் தெரிய வேண்டும். குழுவில் இருக்கும் எல்லா போனிலும் அது ஓட வேண்டும். இது முடியாமல் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்காதீர்கள். இதற்குப் பிறகு செய்வது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றோடு சேர்ப்பதுதான். கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டுவது என்ற ஆபத்து இல்லை.

நான்கு பேர் குழுவில் ஒருவர் திரைகள், ஒருவர் தரவும் சர்வரும், ஒருவர் கேமரா, அச்சு, குரல் போன்ற போன் சார்ந்த வேலை. நான்காமவர் சோதிப்பவர். ஸ்லைடும் அவரே, டெமோ தரவு உருவாக்குபவரும் அவரே. "கோடு தெரியாதவருக்கு பிபிடி" என்று ஒதுக்குவது தவறு. ஒவ்வொரு இரண்டு மணி நேரமும் ஆப்பை எடுத்துத் தப்புத் தப்பாகத் தட்டிப் பார்க்கும் ஆள் இல்லாத குழுவுக்கு முதல் சோதனையாளர் நடுவர்தான்.

போனும் லேப்டாப்பும் பேசாதபோது

சர்வரை லேப்டாப்பில் ஓட்டிவிட்டு, போன் ஆப்பில் "லோக்கல்ஹோஸ்ட்" என்று முகவரி கொடுத்தால் போன் தன்னையே தேடும். எமுலேட்டரில் லேப்டாப்பைக் குறிக்க 10.0.2.2 என்று கொடுக்க வேண்டும். நிஜ போனில் லேப்டாப்பின் வைஃபை ஐபி முகவரி. அதுவும் கல்லூரி வைஃபையில் பெரும்பாலும் வேலை செய்யாது, ஏனென்றால் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டு தீர்வு. போன் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைப்பது. அல்லது கேபிள் போட்டு ஆண்ட்ராய்டு எஸ்டிகேயில் உள்ள ஏடிபி கருவியின் ரிவர்ஸ் கட்டளையால் போனின் 3000 போர்ட்டை (சர்வர் கேட்கும் வாசல் எண்) லேப்டாப்பின் 3000 போர்ட்டோடு இணைத்துவிட்டு, ஆப்பில் லோக்கல்ஹோஸ்ட் என்றே வைத்துக்கொள்வது. இரண்டாவதுக்கு வைஃபையே வேண்டாம். கேபிளைக் கழற்றிப் போட்டால் மட்டும் கட்டளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். எக்ஸ்போ ஆட்களுக்கு, இணையம் வழியாகச் சுற்றி இணைக்கும் டனல் முறை இருக்கிறது. கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் ஓடும்.

முகவரி சரியாக இருந்தும் இணைப்பு மறுக்கப்பட்டால், ஆண்ட்ராய்டு 9 முதல் ஹெச்டிடிபிஎஸ் இல்லாத முகவரிகளுக்கு இயல்பாகவே தடை என்பதை நினையுங்கள். மேனிஃபெஸ்ட்டில் (ஆப்பின் அனுமதிகளைச் சொல்லும் ஃபைல்) கிளியர்டெக்ஸ்ட் அனுமதி, அதாவது குறியாக்கம் இல்லாத இணைப்புக்கு அனுமதி, கொடுத்தால் திறக்கும்.

ஃபயர்ஸ்டோர் இணையம் இல்லாதபோதும் போனிலேயே எழுதி வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். ஆனால் எழுதும் வரியின் முன்னால் "அவெய்ட்" போட்டிருந்தால், சர்வர் பதில் வரும் வரை அந்த வரி முடியாது. இணையம் இல்லாத இடத்தில் பதிவு உள்ளே சேர்ந்தே இருக்கும். திரையில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆப் தொங்கிவிட்டது என்று நினைப்பீர்கள். பதிவு செய்யும் வரியில் காத்திருக்காமல் அடுத்த திரைக்குப் போங்கள். "இன்னும் அனுப்பப்படவில்லை" என்று ஒரு சிறு குறியைக் காட்டுங்கள். டிரான்சாக்ஷன் (வாசித்து, திருத்தி, ஒரே மூச்சில் எழுதுவது) இணையம் இல்லாமல் தோற்றுவிடும், ஆகவே அன்றைய மொத்த லிட்டரை அதில் கூட்டாமல், பதிவுகளிலிருந்தே கணக்கிடுங்கள்.

ஆசைப்பட்டு மாட்டிக்கொள்ளும் அம்சங்கள்

ஓடிபி லாகின் எல்லோருக்கும் ஆசை. இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி பதிவு (அனுப்புநரையும் செய்தி வடிவத்தையும் தொலைபேசி நிறுவனங்களிடம் பதிவது) வேண்டும், அது ஒரே நாளில் நடக்காது. ஃபயர்பேஸ் வழியாக நிஜ எஸ்எம்எஸ் அனுப்ப பில்லிங் கணக்கு கேட்கும். ஃபயர்பேஸ் கன்சோலில் சோதனை எண்ணும் அதற்கான நிலையான ஆறு இலக்கக் குறியீடும் பதிந்து வைத்துக்கொள்ளலாம், எஸ்எம்எஸ் வராமலே லாகின் ஆகும். டெமோவில் லாகினே காட்டாமல் இருப்பது இன்னும் நல்லது. யாரும் லாகின் திரைக்குப் பரிசு கொடுப்பதில்லை.

கூகுள் வரைபடத்துக்கும் பில்லிங் கணக்கு வேண்டும். ஓபன் ஸ்ட்ரீட் மேப் போதும். பணம் கட்டும் பகுதி அவசியம் என்றால் ரேசர்பே என்ற கட்டணச் சேவையின் டெஸ்ட் மோட். நிஜக் கணக்குக்கு கேஒய்சி வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். பிளே ஸ்டோரில் ஏற்றிக் காட்டலாம் என்ற நினைப்பும் வேண்டாம். புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேரை வைத்து 14 நாள் சோதனை முடித்த பிறகே வெளியிட முடியும்.

தமிழ் சார்ந்த அம்சங்களில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் ஓடுவதைப் பார்த்து நம்பி எடுப்போம். கூகுளின் எம்எல் கிட் நூலகம் போனிலேயே எழுத்தை வாசிக்கும். ஆனால் அது லத்தீன், தேவநாகரி, சீனம், ஜப்பானியம், கொரியன் எழுத்துகளுக்குத்தான். தமிழ் அச்சை வாசிக்க டெசராக்ட் என்ற எழுத்து வாசிக்கும் மென்பொருளின் தமிழ்த் தரவுக் கோப்பைச் சேர்க்க வேண்டும், அல்லது இணையம் வழி கூகுள் விஷன் சேவை. மொழிபெயர்ப்பில் எம்எல் கிட் தமிழை ஆதரிக்கிறது. மொழிக்கு 30 எம்பி அளவில் இறங்கும், அதை முன்பே இறக்கி வையுங்கள். குரலாக வாசிக்க வைப்பதும் அப்படியே: டெமோ போனில் தமிழ்க் குரல் தரவு இறங்கியிருக்கிறதா என்று அமைப்பில் பாருங்கள்.

ரசீதைத் தமிழில் பிடிஎஃப் ஆக்குவதில் நிறைய பேர் அடிபடுவார்கள். பல பிடிஎஃப் நூலகங்கள் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்காது. "கொ" என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கும். திரையில் சரியாகத் தெரியும் ரசீதையே படமாகப் பிடித்து, அந்தப் படத்தை பிடிஎஃப்பில் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. வாட்ஸ்அப்பில் படமாகவே பகிர்ந்தால் பிடிஎஃப்பே தேவையில்லை.

நோட்டிஃபிகேஷன் வரவில்லை என்று சர்வரைக் குடையும் முன், ஆண்ட்ராய்டு 13 முதல் அதற்குப் பயனரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும் என்பதைப் பாருங்கள்.

இரவு

கிட்டில் (கோடின் மாற்றங்களைச் சேமித்துப் பகிரும் கருவி) எல்லோரும் ஒரே கிளையில் வேலை செய்தாலும் பரவாயில்லை, ஆனால் ஆளுக்கொரு ஃபோல்டர் இருக்கட்டும். நூலகப் பட்டியல் ஃபைலையும் எந்தத் திரையிலிருந்து எதற்குப் போவது என்ற ஃபைலையும் ஒருவர் மட்டுமே தொட வேண்டும். மோதல் வருவது அங்கேதான். மணிக்கு ஒரு முறை கமிட் (மாற்றங்களைப் பதிவு செய்வது), ஓடுகிற நிலையில் மட்டும். சில போட்டிகளில் கமிட் நேரத்தையும் பார்ப்பார்கள். ரகசியச் சாவிகளைப் பொது ரெப்போவில் (கோடு இருக்கும் இணையக் கிடங்கு) ஏற்றிவிடாதீர்கள். பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் அது இருக்கும். சாவியையே மாற்றுவதுதான் வழி.

ஏஐ உதவியோடு கோடு எழுதலாமா என்பதை விதியில் பாருங்கள். அனுமதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் அது நூலகத்தின் பழைய பதிப்புக்கான கோடை நம்பிக்கையோடு எழுதித் தரும், பில்டில்தான் தெரியும். விளக்க முடியாத ஒரு வரியும் முக்கியப் பாதையில் இருக்கக் கூடாது. நடுவர் கைவைத்துக் கேட்கும் இடம் அதுதான்.

ராத்திரி 10 மணிக்கு, பாதி நேரத்தில், மூன்று திரையும் நிஜத் தரவோடு ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் ஒரு திரையை வெட்டுங்கள். 2 மணிக்குப் பிறகு புது அம்சம் கிடையாது, பிழை திருத்தம் மட்டும். ஆளுக்கு மூன்று மணி நேரம் தூங்குங்கள், இருவர் இருவராக. அதிகாலை நாலு மணிக்குத் தூங்காத கண்ணோடு செய்யும் திருத்தம், ஓடிக்கொண்டிருந்ததையும் நிறுத்தும். டெமோவில் பேசப்போகிறவர் கட்டாயம் தூங்க வேண்டும்.

ஏபிகே, டெமோ

காலை 6 மணிக்குக் கோடை மூடுங்கள். ரிலீஸ் ஏபிகே (பிறர் போனில் ஏற்றக்கூடிய இறுதி ஆப் ஃபைல்) எடுங்கள். ஃபிளட்டரில் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: இணைய அனுமதி டீபக் மேனிஃபெஸ்ட்டில் தானாக இருக்கும், முதன்மை மேனிஃபெஸ்ட்டில் இருக்காது. எனவே ராத்திரி முழுக்க ஓடிய ஆப், ரிலீஸில் மட்டும் எந்தத் தரவையும் காட்டாமல் போகலாம். முதன்மை மேனிஃபெஸ்ட்டில் இன்டர்நெட் அனுமதி வரியைச் சேர்த்துவிடுங்கள். இதனாலேயே ரிலீஸ் ஏபிகேயை முதல் நாள் மாலையே ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஜிமெயில் ஏபிகேயை அனுப்ப விடாது. டிரைவில் போட்டு இணைப்பைக் கொடுங்கள். இணைப்பு "யாரும் பார்க்கலாம்" என்று இருக்கிறதா என வேறு கணக்கில் திறந்து பாருங்கள்.

டெமோ போன் இரண்டு: ஒரே ஏபிகே, ஒரே தரவு. இரண்டிலும் தொந்தரவு வேண்டாம் நிலை, முழு வெளிச்சம், திரை அணையும் நேரம் அதிகபட்சம், நூறு சதவீதம் சார்ஜ். போன் திரையை ப்ரொஜெக்டரில் காட்ட, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் ரன்னிங் டிவைசஸ் பகுதி போதும். கேபிளில் இணைத்தால் லேப்டாப்பில் தெரியும். எதுவும் ஓடாத நிலைக்கு, முழுப் பாதையையும் 60 வினாடி வீடியோவாகப் பதிந்து லேப்டாப்பிலும் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தரவு நிஜம் போல இருக்கட்டும். "டெஸ்ட்1, டெஸ்ட்2" என்று பட்டியல் இருந்தால் நடுவருக்கு ஆப்பின் பயனே தெரியாது. 40 உறுப்பினர் பெயர், 10 நாள் காலை மாலைப் பதிவு, நம்பக்கூடிய கொழுப்பு அளவு என்று இரவிலேயே ஏற்றிவையுங்கள்.

பேச ஐந்து நிமிடம் கிடைத்தால் முதல் அரை நிமிடம் அந்த ஒற்றை வாக்கியம், அடுத்த இரண்டரை நிமிடம் போனில் செய்து காட்டுதல், மீதி எப்படிக் கட்டினோம் என்பது. பால் ஆப் என்றால் நடுவர் கண்முன்னே ஏரோபிளேன் மோட் போட்டு ஒரு பதிவு போடுங்கள், ரசீதைக் காட்டுங்கள், பிறகு இணையத்தைத் திறந்து இரண்டாவது போனில் அது வந்து விழுவதைக் காட்டுங்கள். முடிந்தால் போனை நடுவர் கையில் கொடுத்து அவரையே தட்டச் சொல்லுங்கள். ஸ்லைடு ஆறுக்கு மேல் வேண்டாம்.

கேள்விகள் பெரும்பாலும் இவைதான்: ஏற்கெனவே இருப்பதிலிருந்து இது எங்கே வேறு, இரண்டு போனில் ஒரே நேரத்தில் மாற்றினால் என்ன ஆகும், யாருடைய தரவை யார் பார்க்கலாம், ஆயிரம் சங்கம் வந்தால் செலவு என்ன. போலியாக வைத்திருக்கும் பகுதி இருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "விலைப் பட்டியல் இப்போது கையால் ஏற்றியது, பால் ஒன்றியத்திலிருந்து தானாக எடுக்கும் பகுதி இல்லை." அதைச் சொன்ன குழுவை நடுவர்கள் நம்புவார்கள். மறைத்து மாட்டிக்கொண்டால், உண்மையில் ஓடும் பகுதியையும் சந்தேகிப்பார்கள்.

சமர்ப்பிக்கும் நேரம் 10 மணி என்றால் 9.15-க்கே அனுப்பிவிடுங்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரும் ஒன்றாக ஏற்றும்போது படிவம் தொங்கும். ரெப்போவின் ரீட்மீயில் (விளக்கக் குறிப்பு ஃபைல்) எந்தப் பதிப்பில் பில்டு ஆகும், எந்தச் சோதனை எண்ணில் லாகின் ஆகும் என்று நான்கு வரி எழுதுங்கள். முடிவு அறிவித்த அன்றே டேட்டாபேஸ் விதிகளை மூடி, எங்கேயாவது பில்லிங் கணக்கு இணைத்திருந்தால் துண்டித்துவிடுங்கள்.